வியூ வழியாகக் கேட்டால் மொத்தத் தொகை ஏன் பெருகுகிறது, விடை ஏன் தாமதமாகிறது?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வாங்கிய பொருள்களின் மொத்த மதிப்பு, செலுத்திய மொத்தத் தொகை, ஆர்டர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தருவதற்கு உங்கள் தரவுத்தளத்தில் ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) எழுதியிருக்கிறீர்கள். சில வாடிக்கையாளர்களுக்கு எண்கள் சரியாக வருகின்றன. சிலருக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வருகின்றன. ஒரே ஒரு வாடிக்கையாளரின் விவரத்தைக் கேட்டாலும், எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டால் ஆகிற நேரமே ஆகிறது. 'வியூவுக்குள் தொகுப்புச் சார்புகளை (கூட்டல், எண்ணிக்கை போன்றவற்றை) பயன்படுத்தவே கூடாதா?' என்று முடித்திருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விடை ஏன் தவறாக வருகிறது என்பது ஒன்று, ஏன் தாமதமாக வருகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கான காரணத்தை நீங்கள் தந்த விவரங்களை வைத்தே ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது, எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே அங்கே நான் சொல்லப்போவது எங்கே தேட வேண்டும் என்பதை மட்டும்தான்.

முதலில் விடையைச் சரிசெய்யுங்கள், வேகத்தைப் பிறகு பார்க்கலாம். இந்த வேலையில் நான் பார்த்தவரை, தொந்தரவு என்றவுடன் பலரும் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) போடத் தொடங்கிவிடுகிறார்கள். தவறாக எழுதிய ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது) வரிசைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது இண்டெக்ஸ் போட்டால், தவறான விடை கொஞ்சம் சீக்கிரமாக வரும், அவ்வளவுதான். ஜாயினைச் சரிசெய்தவுடன் வேகமும் கூடவே சரியாகிவிடுவது இந்த வகைச் சிக்கலில் சகஜம். பெருகிய வரிசைகளைக் கூட்டுவதற்கும் நேரம் செலவாகிறது அல்லவா?

வியூ என்பது பெயர் சூட்டிச் சேமித்து வைத்த ஒரு வினவல். சாதாரண வியூவில் தரவு எதுவும் இருப்பதில்லை. எனவே அதைச் சோதிக்கும்போது அட்டவணைபோல நடத்தாமல், உள்ளே இருக்கும் வினவலை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ கிரியேட் வியூ', போஸ்ட்கிரெஸ்ஸில் 'பிஜி கெட் வியூடெஃப்' சார்பு, எஸ்கியூஎல் சர்வரில் 'எஸ்பி ஹெல்ப்டெக்ஸ்ட்', ஆரக்கிளில் 'யூசர் வியூஸ்' பட்டியல் ஆகியவை மூல வரையறையைக் காட்டும். நீங்களே எழுதிய வியூவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஆறு மாதம் முன்பு எழுதியது நினைவில் ஒரு மாதிரியாகவும் தரவுத்தளத்தில் வேறு மாதிரியாகவும் இருக்கும். நடுவில் வேறு யாராவது கை வைத்திருக்கவும் கூடும்.

வரையறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குரூப் பை (வரிசைகளைக் குழுக்களாகத் தொகுப்பது) நடப்பதற்கு முன்னால், ஜாயின் முடிந்த நிலையில், ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஒரு வாடிக்கையாளரையா, ஓர் ஆர்டரையா, ஆர்டருக்குள் இருக்கும் ஒரு பொருளையா, ஒருமுறை பணம் செலுத்தியதையா? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வியூவைப் போன்ற ஒன்றைச் சிறிய எண்களில் போட்டுப் பார்ப்போம். ஆர்டர் எண் 101. அதில் மூன்று பொருள்கள்: 200, 300, 500. மொத்தம் 1000. வாடிக்கையாளர் இரண்டு தவணையாகப் பணம் கட்டியிருக்கிறார்: 600, 400. அதுவும் 1000. பாக்கி எதுவும் இல்லை. இப்போது ஆர்டர் அட்டவணையோடு பொருள்கள் அட்டவணையையும் செலுத்தல்கள் அட்டவணையையும், இரண்டையும் ஆர்டர் எண்ணைக் கொண்டே ஜாயின் செய்கிறீர்கள். பொருளுக்கும் தவணைக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. ஆகவே தரவுத்தளம் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தவணையோடும் சேர்த்துவிடுகிறது. மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரிசைகள். 200, 300, 500 ஆகிய ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகின்றன. 600, 400 ஆகிய ஒவ்வொன்றும் மூன்று முறை வருகின்றன. 'சம்' சார்பு தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது: பொருள் மதிப்பு 2000, செலுத்தியது 3000. எண்ணிக்கைக்குக் 'கவுண்ட்' போட்டிருந்தால் ஓர் ஆர்டர் ஆறாகத் தெரியும். பாக்கியைக் கணக்கிட்டால் வாடிக்கையாளர் 1000 அதிகமாகக் கட்டியிருப்பதாக அறிக்கை சொல்லும். தரவுத்தளத்தில் பிழையே இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் அது தந்திருக்கிறது.

சிலருக்கு மட்டும் சரியாக வருவது ஏன் என்ற புதிருக்கும் இதுவே விடை. ஒரு பொருள் வாங்கி ஒரே தவணையில் கட்டியவருக்கு ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான். சோதனைத் தரவு பெரும்பாலும் இப்படி எளிமையாக இருப்பதால், எழுதும்போது வியூ சரியாகவே தோன்றும். உண்மையான தரவு நிரம்பத் தொடங்கிய பிறகுதான் பல்லிளிக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் பெருக்கும் எண் வேறாக இருப்பதால், ஒரு வாடிக்கையாளரின் எல்லா ஆர்டர்களையும் சேர்த்துப் பார்த்தால் 1.7 மடங்கு, 2.3 மடங்கு என்று ஒழுங்கற்ற விகிதம் வரும். அதைப் பார்த்துவிட்டுத் 'தரவு கெட்டுப்போயிருக்கிறது' என்று முடிவுகட்ட வேண்டாம். ஓர் ஆர்டர் அளவுக்கு இறங்கிப் பாருங்கள், முழு எண் மடங்காக இருக்கும்.

சோதிக்கும் முறை இதுதான். தவறாக வரும் வாடிக்கையாளர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆர்டர்களில் சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தனியாகக் கேட்டுச் சரியான விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வியூவின் வினவலில் குரூப் பையையும் தொகுப்புச் சார்புகளையும் நீக்கிவிட்டு, அந்த ஆர்டருக்கு மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வோர் அட்டவணையின் பிரைமரி கீயும் (வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் எண்) திரையில் தெரியட்டும். ஒரே பொருள் எண் இரண்டு வரிசைகளில் தென்பட்டால் பெருக்கம் உறுதி. பிறகு ஜாயின்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கியதும் வரிசைகளின் எண்ணிக்கை சுருங்குகிறதோ, அது பெருக்கத்துக்குக் காரணமான ஜாயின்களில் ஒன்று.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒட்டுவேலை ஒன்று இருக்கிறது: 'சம்' சார்புக்குள் 'டிஸ்டிங்ட்' (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போடுவது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது வேலை செய்வதுபோலவே தெரியும். 600, 400 இரண்டும் வெவ்வேறு எண்கள் என்பதால் 1000 வந்துவிடும். அதே வாடிக்கையாளர் 500, 500 என்று கட்டியிருந்தால்? இரண்டும் ஒரே மதிப்பு, ஆகவே ஒன்று காணாமல் போய் மொத்தம் 500 ஆகிவிடும். முன்பு அதிகமாக வந்தது, இப்போது குறைவாக வருகிறது. அதுவும் எப்போதாவதுதான் வரும் என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கவுண்டுக்குள் டிஸ்டிங்ட் போட்டு ஆர்டர் எண்ணை எண்ணுவது வேறு விஷயம். அங்கே எண்ணப்படுவது தனித்துவமான கீ என்பதால் அது சரிதான். தொகைகளின் மேல் டிஸ்டிங்ட் போட்ட வியூ என் பார்வைக்கு வந்தால், மற்ற எதையும் படிக்காமல் அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரியான வழி, ஜாயினுக்கு முன்பே தொகுத்துவிடுவது. பொருள்கள் அட்டவணையை ஆர்டர் எண்ணால் தொகுத்தால், ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசை. செலுத்தல்களையும் அப்படியே தொகுத்தால் ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசை. இந்த இரண்டையும் ஆர்டர் அட்டவணையோடு இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று என்றே நிற்கும், பெருகுவதற்கு வழியில்லை. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். உள்வினவலாக எழுதினாலும், 'வித்' கொண்டு எழுதினாலும், இரண்டு சிறு வியூக்களாக வைத்தாலும் விடை ஒன்றே. வியூவைச் சரிசெய்த பிறகும் வெளியே ஒரு கண் இருக்கட்டும். வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை தரும் வியூவை யாராவது மீண்டும் ஆர்டர் அட்டவணையோடு ஜாயின் செய்து, மொத்தத்தை மறுபடியும் கூட்டினால், அதே பெருக்கம் வெளியிலிருந்து உள்ளே வந்துவிடும். இது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. வியூவின் பெயரிலேயே 'வாடிக்கையாளர் வாரியாக' என்பது தெரியும்படி வைத்தால் கொஞ்சம் குறையும்.

ஆர்டர் எண்ணிக்கையில் வரும் தவறுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். ஆர்டரே இல்லாத வாடிக்கையாளருக்கு 1 என்று வருகிறதா, பாருங்கள். லெஃப்ட் ஜாயினில் பொருத்தம் கிடைக்காதபோதும் வாடிக்கையாளரின் வரிசை ஒன்று எஞ்சி நிற்கும். நட்சத்திரக் குறியோடு கூடிய கவுண்ட் அந்த வரிசையையும் எண்ணிவிடும். ஆர்டர் எண் புலத்தைக் குறிப்பிட்டு எண்ணினால் வெற்று மதிப்புகள் விடுபட்டு 0 வரும். வெற்று மதிப்பு விஷயத்தில் 'சம்' வேறு மாதிரி நடந்துகொள்ளும்: கூட்டுவதற்கு எதுவுமே இல்லை என்றால் அது 0 தராது, வெற்று மதிப்பைத்தான் தரும். 1000 கழித்தல் வெற்று மதிப்பு என்றால் விடையும் வெற்று மதிப்பே. பணமே கட்டாதவர்களின் பாக்கி காலியாகத் தெரிந்தால் இதுதான் காரணம். 'கோலெஸ்' கொண்டு 0 ஆக்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தொகுத்த வியூவை லெஃப்ட் ஜாயின் செய்யும்போது கவுண்ட் புலமும் இப்படி வெறுமையாக வரும் என்பதை மறக்க வேண்டாம். லெஃப்ட் ஜாயின் செய்த அட்டவணையின் புலத்தின் மேல் 'வேர்' பகுதியில் (வரிசைகளை வடிகட்டும் இடம்) நிபந்தனை போட்டாலோ, பொருத்தமில்லாத வரிசைகள் எல்லாம் அடிபட்டுப் போய், அது சாதாரண ஜாயினாகவே மாறிவிடும். அந்த நிபந்தனை, ஜாயினுக்கு உரிய 'ஆன்' பகுதியில் இருக்க வேண்டும்.

தேதி வடிகட்டலைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வியூ வாடிக்கையாளர் அளவில் கூட்டி முடித்த பிறகு, வெளியிலிருந்து 'இந்த மாதத்துக்கு மட்டும்' என்று கேட்க முடியாது. தேதி அங்கே இல்லவே இல்லை. உடனே தோன்றும் தீர்வு மாதத்தையும் குரூப் பையில் சேர்ப்பது. அப்படிச் செய்தால் ஒரு வரிசை குறிப்பது மாறிவிடுகிறது, பழைய பயனர்கள் எல்லோருடைய வினவலும் அதனால் பாதிக்கப்படும். மொத்தங்களை மறுபடி கூட்டலாம், தவறில்லை. சராசரியை அப்படிச் செய்ய முடியாது. ஒரு மாதம் 2 ஆர்டர், சராசரி 900. அடுத்த மாதம் 8 ஆர்டர், சராசரி 100. சராசரிகளின் சராசரி 500. உண்மையான சராசரி, 1800 உடன் 800 ஐக் கூட்டி 10 ஆல் வகுத்தால், 260. டிஸ்டிங்ட் போட்டு எண்ணியதற்கும் இதே கதி; இரண்டு மாதமும் வாங்கிய ஒரே பொருள் இரண்டாக எண்ணப்படும். ஆகவே வியூவில் சராசரியை வைப்பதைவிட மொத்தத்தையும் எண்ணிக்கையையும் வைத்துவிட்டு, வகுத்தலைக் கடைசியில் செய்வது நல்லது. எஸ்கியூஎல் சர்வராக இருந்தால், முழு எண் புலத்தின் சராசரி முழு எண்ணாகவே வரும், தசமம் வெட்டுப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிழைச் செய்தி வருகிறவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவை தாமாகவே தங்களைக் காட்டிக்கொள்கின்றன. தொகுப்புச் சார்பை 'வேர்' பகுதியில் எழுத முடியாது, தொகுத்த பிறகு வடிகட்டும் 'ஹேவிங்' வேண்டும். ஆனால் வியூவுக்கு வெளியே அந்த மொத்தம் ஒரு சாதாரணப் புலம்தான், அங்கே 'வேர்' போடலாம். குரூப் பையில் இல்லாத புலத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான தரவுத்தளங்கள் மறுத்துவிடும். பழைய மைஎஸ்கியூஎல்லோ மறுக்காமல் குழுவிலிருந்து ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு இயல்பாகவே இருக்கிறது. மேம்படுத்திய பிறகு வியூ திடீரென்று பிழை தருகிறது என்று சொல்பவர்கள் அந்தக் கண்டிப்பை அணைத்துவிடுவதைப் பார்க்கிறேன். அணைக்காதீர்கள். அது இத்தனை நாள் மறைந்திருந்த தவறைக் காட்டுகிறது.

இனி வேகம். ஒரு வாடிக்கையாளரைக் கேட்டாலும் முழு நேரமும் ஆகிறது என்றால், பெரும்பாலும் உங்கள் நிபந்தனை வியூவுக்குள் இறங்கவில்லை என்று பொருள். எல்லோருக்கும் கூட்டி முடித்துவிட்டு, அதிலிருந்து ஒருவரைப் பொறுக்கி எடுக்கிறது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், செயல்திட்டத்தை (வினவலைத் தரவுத்தளம் ஓட்டும் படிகளின் பட்டியலை) பார்க்காமல் இதை உறுதிப்படுத்த முடியாது. தொகுப்பு இல்லாத எளிய வியூ என்றால் தரவுத்தளம் அதை வெளி வினவலோடு கலந்துவிடும். தொகுப்பு இருந்தால் பெரும்பாலும் கலக்க முடியாது, உள்ளே தனியாகத்தான் கணக்கிட வேண்டும். ஆனாலும் குரூப் பையில் உள்ள புலத்தின் மேல் போட்ட நிபந்தனையை உள்ளே தள்ளலாம்; விடை மாறாது. போஸ்ட்கிரெஸ் இதைச் செய்கிறது. மைஎஸ்கியூஎல் இதை 8.0.22 பதிப்பிலிருந்துதான் செய்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால் தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதே இருக்காது. 'அல்காரிதம் மெர்ஜ்' (வெளி வினவலோடு கலக்கச் சொல்வது) என்று வியூவில் எழுதிவைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொகுப்புச் சார்பு இருக்கும்போது மைஎஸ்கியூஎல் ஓர் எச்சரிக்கையைத் தந்துவிட்டு அதைப் புறக்கணித்துவிடும். 'டெம்ப்டேபிள்' (விடையைத் தற்காலிக அட்டவணையில் வைக்கச் சொல்வது) என்று எழுதியிருந்தாலோ, புதிய பதிப்பிலும் நிபந்தனை உள்ளே இறங்காது.

செயல்திட்டத்தில் பார்க்க வேண்டியது வடிகட்டல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதை. போஸ்ட்கிரெஸ்ஸிலும், 8.0.18 முதல் மைஎஸ்கியூஎல்லிலும் 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' என்று போட்டால், வினவலை உண்மையாகவே ஓட்டி, ஒவ்வொரு படியிலும் எதிர்பார்த்த வரிசைகளையும் வந்த வரிசைகளையும் காட்டும். வாடிக்கையாளர் எண் மீதான நிபந்தனை, தொகுக்கும் படிக்குக் கீழே அட்டவணையைப் படிக்கும் இடத்தில் இருந்தால் நல்லது. தொகுக்கும் படிக்கு மேலே இருந்தால், அதுதான் நோய். கீழே இருந்தும் அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது என்றால் அப்போது இண்டெக்ஸைப் பாருங்கள். எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் அப்படி ஒப்பிட்டால் இண்டெக்ஸ் பயன்படாது.

நிபந்தனை நேரடி மதிப்பாக இல்லாமல் இன்னொரு அட்டவணையிலிருந்து ஜாயின் வழியாக வந்தால் கதை மாறும். 'இந்த நகரத்து வாடிக்கையாளர்களின் மொத்தம்' என்பதுபோல. ஆரக்கிள் 11ஜி முதல், குரூப் பை உள்ள வியூவுக்குள்ளும் ஜாயின் நிபந்தனையைத் தள்ளக்கூடியது. போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது. முழுவதையும் தொகுத்துவிட்டே இணைக்கும். அங்கே 'லேட்டரல்' உள்வினவலாக எழுதினால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகக் கணக்கிடும். சில நூறு பேர் என்றால் அது லாபம், எல்லோருக்கும் என்றால் நஷ்டம். வியூவில் விண்டோ சார்புகள் (வரிசைகளைச் சுருக்காமல் குழுவாரியாகக் கணக்கிடுபவை) இருந்தால், குழுவைக் குறிக்கும் 'பார்ட்டிஷன் பை' பகுதியில் உள்ள புலத்தின் மீதான நிபந்தனை மட்டுமே உள்ளே இறங்கும்.

இத்தனைக்குப் பிறகும் தாமதம் என்றால்தான் முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிக்கும் வழிக்குப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் மெட்டீரியலைஸ்டு வியூ 9.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. படிப்பவர்களைத் தடுக்காமல் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதில் ஒரு தனித்துவ இண்டெக்ஸ் வேண்டும். எஸ்கியூஎல் சர்வரின் இண்டெக்ஸ்டு வியூ தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். அதற்குள் அவுட்டர் ஜாயினும் சராசரியும் அனுமதி இல்லை. பாக்கித் தொகை போன்ற, அந்தந்த நொடியில் சரியாக இருக்க வேண்டிய எண்ணுக்குப் போஸ்ட்கிரெஸ் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதாந்திர அறிக்கைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

வியூவின் மேல் வியூ, அதன் மேல் இன்னொரு வியூ என்று அடுக்கியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அப்படியிருந்தால் மேலே சொன்ன சோதனையை அடியிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து வந்தால் எந்த அடுக்கில் பெருகியது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

ஓர் ஆர்டருக்குக் குரூப் பை இல்லாமல் வரும் வரிசைகள், வியூவின் முழு வரையறை, தரவுத்தளத்தின் பதிப்பு எண், செயல்திட்டத்தின் முழு வெளியீடு ஆகிய நான்கையும் இங்கே இடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். முதல் இரண்டைப் பார்த்தாலே தொகை விஷயத்தில் நான் சொன்னது சரியா, வேறு ஏதேனும் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.